எட்டாயிரம் அடி நடந்த கை

பெரியவனே,

நீ புனேயிலிருந்து வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் தினமும் எட்டாயிரம் அடி என்று காட்டியதே, அதில் நான் காலால் நடந்தது எண்ணூறு இருந்தால் அதிகம். மிச்சத்தையெல்லாம் என் கை நடந்தது. நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், பக்கத்தில் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் கேட்கும். எழுதினால் அந்தச் சத்தம் காஞ்சிபுரம் வரைக்கும் வராது.

நேற்று நீ சாதாரணமாக ஒரு சேதி சொன்னாய். உங்கள் வீட்டோடு இருக்கும் உன் மாமனார் என்னுடைய எண்ணிக்கையைப் பார்த்து ரோஷப்பட்டு, தானும் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, "சம்பந்தி எட்டாயிரம்னா நான் ஒன்பதாயிரம்" என்று மொட்டை வெயிலில் கிளம்பிவிட்டாராம். நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். நான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு இதை எழுதப் பேப்பர் தேடினேன். இதே எட்டாயிரத்தை நம்பி ஏற்கெனவே ஒருத்தி விழுந்திருக்கிறாள். உன் அத்தை. ஆடி மாதம் அவள் ஏரிக்கரைப் பாதையில் விழுந்தாள் என்று உனக்குத் தெரியும். அவளை அங்கே அனுப்பியது எது என்பதை உன்னிடம் மறைத்தது நான்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் ஏமாற்றவில்லை. நீ சொன்னபடி வலது கையில் கட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தறியில் உட்கார்ந்தேன். இழை ஓட்டும் நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எறிகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் எறிகிறேன். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்தக் கடிகாரம் ஒரு அடி எழுதிக்கொண்டது. சாயங்காலம் பார்த்தால் ஏழாயிரத்துச் சொச்சம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தறிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில், கொல்லைக்கும் வாசலுக்கும் நடுவில், நமக்கே தெரியாமல் இவ்வளவு நடக்கிறோம் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டேன். டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னதெல்லாம் தறி தெரியாத டாக்டர் சொன்னது என்றுகூடத் தோன்றியது.

குட்டு உடைந்தது அமாவாசையன்று. அன்றைக்கு நம் தெருவில் எந்தத் தறியும் ஓடாது என்பது உனக்குத் தெரியும். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பெரிய காஞ்சிபுரம் போய் ஏகாம்பரநாதரைப் பார்த்துவிட்டு, ஆட்டோவில் வந்து இறங்கி, வடை தின்றுவிட்டுப் படுத்தேன். எண்ணிக்கை உன் போனுக்கும் வந்துவிடுமே, சாயங்காலம் கூப்பிட்டாய். "இன்னாப்பா, இன்னிக்கு வெறும் அறுநூறு? உடம்பு சரியில்லையா?" கையில் கடிகாரத்தைப் பார்த்தேன், கொல்லைப்புறத் தறியைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "லேசா தலைவலிடா" என்றேன். ஏமாற்று அங்கே ஆரம்பித்தது.

அதற்கப்புறம் எனக்கு அந்த எண்ணிக்கை மேல் ஒரு சபலம் வந்துவிட்டது. நம் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் நீ தினமும் என் எண்ணிக்கையைப் போட்டாய். கை தட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து நின்றன. வாழ்க்கையில் என்னை யாரும் இப்படிக் கை தட்டிக் கொண்டாடியதில்லை, என் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட. டீக்கடையில் "நடைமன்னன் வராரு" என்று பெஞ்சில் இடம் விட்டார்கள். நான் டீக்கடைக்கு வண்டியில்தான் போனேன், அதை யாரும் கவனிக்கவில்லை. அமாவாசை தினங்களில் மட்டும் அவமானம் வரக்கூடாதென்று, டிவி பார்க்கும்போது பனை விசிறியால் வலது கையில் விசிறிக்கொண்டேன். ஃபேன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. உன் அம்மா ஒரு தடவை நின்று பார்த்தாள். ஃபேனை நிறுத்திவிட்டுப் போனாள்.

அப்போதுதான் நீ வீடியோ காலில் உன் அத்தையைப் பிடித்தாய். "அத்தை, அப்பாவைப் பாருங்க, எட்டாயிரம் நடக்கறாரு. நீங்க டிவி முன்னாடியே உக்காந்துக்கினு இருக்கீங்க" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். உன் அத்தைக்கு என்னைவிடப் பதினோரு வயது அதிகம், ரோஷமும் அந்தக் கணக்கில்தான். வீட்டுக்காரர் தவறிப்போனதிலிருந்து நம் தெருவிலேயே தனி வீட்டில் இருக்கும் அவள், வெளியே இறங்குவதைக் குறைத்துக்கொண்டாள். டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் சேரைப் போட்டு உட்காருவாள். தெருவில் யாராவது கும்பிட்டால்கூடக் கண்டுகொள்ள மாட்டாள். வயதானால் கர்வம் வந்துவிடுகிறது என்று நான் டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் போனை வைத்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சின்ன வயதில் அவள் ஜடையைத் தறிக்கட்டையில் கட்டிவிட்டு ஓடியபோது பார்த்த பார்வை அது.

"சாப்புட்டா எந்திரிக்க ஆள் தேடுவான், இவன் எட்டாயிரமா" என்றாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டாள். மதகுக்குப் பக்கத்தில் உடைந்த சிலாப்பில் கால் மாட்டி விழுந்தாள். மாடு ஓட்டிக்கொண்டு வந்த முனுசாமிதான் தூக்கி உட்கார வைத்துத் தகவல் சொன்னான். எலும்பு முறியவில்லை. இடுப்பு ரத்தம் கட்டியது, மணிக்கட்டு வீங்கியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் முந்நூறுகூடப் போவலடா. நீ எப்படிடா எட்டாயிரம் போறே" என்று கேட்டாள். நான் ஆட்டோக்காரரிடம் பள்ளம் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

ஒரு மாதப் படுக்கைக்குப் பின் வலி போனது, கால் போய்விட்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். கொல்லைக் கக்கூசுக்குப் போக ஒரு தோள் வேண்டும். தாம்பரத்திலிருந்து அவள் மகள் சுமதி வந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள், வேலை, மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. "மாமா, தனியா வுட்டுட்டு நான் அங்க எப்படித் தூங்கறது? கார்த்திகை தீபத்துக்கு வருவேன். அம்மா யார் கையும் பிடிக்காம கீழேயிருந்து எந்திரிச்சு, தானே பின்னாடி போய்ட்டு வரணும். இல்லன்னா வூட்டப் பூட்டிட்டு இட்டுக்கினு போய்டுவேன்" என்றாள். உன் அத்தை டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள். சுமதி பஸ் ஏறியதும், "மூணாவது மாடியில இன்னாடா இருக்குது? ஏறனா எறங்க முடியாது. பரண்ல போட்ட அண்டா மாதிரி கெடக்கணும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு அவளிடம் உண்மையைச் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்து, நாடா, அமாவாசை, விசிறி எல்லாம் சொன்னேன். அவள் அதைச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். "அப்போ நான் முந்நூறு, நீ பூஜ்ஜியம்" என்றாள். பெரியவனே, அவள் ஜெயித்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மாத்திரை கொடுக்க வீடு வீடாக வரும் நர்ஸம்மாவிடம் கேட்டேன். கெட்டிக்காரப் பெண். "நடந்தாலே பாதி சரியாகும். சேர்ல கை ஊனாம எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, காலைல பத்து, சாயங்காலம் பத்து. நடைக்கு எண்ணிக்கையெல்லாம் வேணாம், நேத்துக்கு இன்னிக்குக் கொஞ்சம் கூடினா போதும்" என்றாள். ஊர்ப் பெரியவர்களையெல்லாம் சத்துணவுக்கூடத்தில் கூட்டி ஒரு நாள் வகுப்பே எடுத்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முனுசாமி எழுந்து, "நாப்பது வருஷம் கழனியில எறங்கி வேலை செஞ்சாச்சு. இனிமே இன்னாத்துக்கும்மா எக்சசைசு? உக்காரத்தானே இவ்ளோ நாள் ஒழைச்சோம்?" என்றான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் சேர்ந்து ஆமாம் என்றேன். பழக்கதோஷம்.

ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் காரியத்துக்குத்தான் நடப்போம். காரியமில்லாமல் தெருவில் நடந்தால் என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம். நான் உன் அத்தையைச் சும்மா நடக்கக் கூப்பிட்டபோது அவள் சொன்னது: "கையில ஒண்ணுமில்லாம தெருவுல போய்ட்டு வந்தா, தம்பி சோறு போடல, கோவிச்சுக்கினு போறான்னு பேசுவாங்கடா." அதனால் அவள் கையில் ஒரு காலி மஞ்சப்பையைக் கொடுத்தேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் கடைக்கு. முதல் நாள் வாசலிலிருந்து விளக்குக் கம்பம் வரைக்கும், என் தோளைப் பிடித்துக்கொண்டு. இரண்டாம் நாளும் அதுதான். மூன்றாம் நாள் எதிர்வீட்டம்மா "பை காலியாவே போவுது, காலியாவே வருது" என்று சொல்லிவிட்டாள். நாலாம் நாளிலிருந்து உன் அத்தை படியிறங்கவில்லை.

நான் செய்த அடுத்த தப்பு பிரசங்கம். ஒரு வாரம் அவள் சேருக்கு எதிரே சேர் போட்டு உட்கார்ந்து, நடப்பதன் நன்மைகளைப் பற்றிப் பேசினேன். இரண்டு பேரும் நன்றாக உட்கார்ந்திருந்தோம். கார்த்திகைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

வழி கிடைத்தது நம் பாவில்தான். மூன்று புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டிழைகளை, அரக்கு நிறப் பாவாக, விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தேன். நெய்வதற்கு முன் அந்த ஆயிரக்கணக்கான இழைகளில் எது அறுந்திருக்கிறது என்று பார்த்துப் பிணைக்க வேண்டும். அதற்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகவேண்டும், வரவேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது. உன் அத்தை கல்யாணத்துக்கு முன்பே இதில் பேர் எடுத்தவள். "அக்கா, எனக்குக் கண்ணு சரியா புடிபடல. ஒரு நடை வந்து பாத்துக் குடு, மழை வர்றதுக்குள்ள சுருட்டணும்" என்றேன். வாசலில் நின்று யோசித்தாள். பிறகு என்னையும் மழையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

இங்கே இன்னொரு பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பாவில் அறுந்த இழை எதுவுமே இல்லை. அதனால் அவள் வருவதற்குள் நகத்தால் நானே நாலு இடத்தில் அறுத்துவிட்டேன். பட்டிழையை வேண்டுமென்றே அறுத்த நெசவாளி இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன். அவள் ஒரு கையால் பாவைத் தொட்டுக்கொண்டே மெதுவாகப் போனாள், நான் இந்தப் பக்கம் கூடவே போனேன். உன் அம்மா பின்னால் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். முனைக்குப் போய்த் திரும்பி வந்ததும், "நாலு அறுந்திருந்துது. முடிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். நாலிலும் முடிச்சு விழுந்திருந்தது. "தம்பி, உன் வேலை வர வர மட்டமா போவுதுடா" என்றும் சொன்னாள். அன்றைக்கு அவள் என் தோளைக் கேட்கவில்லை. பாவே பிடிமானமாக இருந்தது.

மழை இல்லாத நாளில் நம் தெருவில் யாராவது ஒருவர் வீட்டுப் பாவு நீண்டிருக்கும். அதற்கப்புறம் எல்லார் வீட்டுப் பாவுக்கும் உன் அத்தைதான் மேஸ்திரி. பாவுக்காரர்களிடம் முன்கூட்டியே கெஞ்சி, ஓரத்தில் இரண்டு இழை அறுத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்கள். "யோவ், அக்காவுக்காவ வுடறேன். மூணாவது இழைய அறுத்தே, உன் விரலு இருக்காது" என்றார் ஒருவர். இரண்டு நடை நாலானது, ஆறானது. பாவு இல்லாத நாளில், "நாளைக்கு யார் வூட்டுப் பாவு?" என்று கேட்டுவர அவளே நாலு வீடு ஏறி இறங்கினாள். வேடிக்கை பார்க்க வந்த முனுசாமி, பாவைத் தாங்கும் குச்சியைப் பிடிக்கிறேன் என்று கூட நடக்க ஆரம்பித்தான். எதிர்வீட்டம்மாவும் வந்தாள். இப்போது காலையில் ஆறேழு பேர் வருகிறார்கள். எக்சர்சைஸ் என்று யாரும் சொல்வதில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நர்ஸம்மா சொன்ன சேர் பயிற்சியும் நடக்கிறது, ஆனால் நம் முறையில். நடுவில் சேர் போட்டு உட்காருவார்கள், ஒருவர் மற்றவரைப் பற்றி ஏதாவது வம்பு சொல்வார், சொல்லப்பட்டவர் சண்டைக்கு எழுந்திருப்பார். பத்துக்குக் குறையாது.

கார்த்திகைக்கு முதல் நாள் சுமதி பெரிய பையோடு வந்து இறங்கினாள். மத்தியானம் உன் அத்தை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சுமதி, உன் அம்மா, நான், மூன்று பேரும் சுற்றி நின்றோம். இவள் எழுந்திருக்காவிட்டால் நாளைக்கு அந்த வீட்டில் பூட்டு. சாப்பிட்டு முடித்துத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி, பசு கன்னு போடறத பாக்கறாப்போல மூணு பேரும் நிக்கறீங்க?" என்றாள். பக்கவாட்டில் திரும்பி, ஒரு முட்டியை ஊன்றி, தொடையில் கையை வைத்து, மூச்சை இழுத்து, ஒரு தடவை ஆடி, நின்றுவிட்டாள். கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்ததும் சுமதியிடம், "இப்ப நீ உக்காந்து எந்திரி" என்றாள். சுமதிக்கு நாற்பத்திரண்டு வயது. உட்கார்ந்தவள் எழுந்திருக்க டிவி மேஜையைப் பிடித்தாள். "இவளை நான் இங்கேயே வச்சுக்கறேன், தம்பி. தனியா வுட முடியாது" என்றாள் உன் அத்தை. சுமதி அந்தப் பையில் முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு தாம்பரம் போனாள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், உன் மாமனாருக்காக. அவரிடம் என் எட்டாயிரத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடு. என் மானம் போனால் போகட்டும், அது வண்டியில்தான் போகும். அவர் எத்தனை நடந்தார் என்று சாயங்காலம் கேட்காதே. காலையில் அவரோடு நீயும் இறங்கு. அவருக்குப் பிடித்த காரியம் எது என்று பார்த்து அதைக் கொஞ்சம் தூரத்தில் கொண்டுபோய் வை. பேப்பரை வாசலில் போட வேண்டாம், கடையில் வந்து வாங்கிக்கொள்கிறார் என்று சொல். கடையில் நாலு பேர் அரசியல் பேசுகிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அவர் மெதுவாக நடந்தால் நீயும் மெதுவாக நட, செருப்பு வார் அறுந்ததுபோல நடித்துக்கொண்டாவது. பெரியவர்களுக்கு நடக்க முடியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிப் பேருக்குப் போக இடம் இல்லை, அவ்வளவுதான். இதை நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வருஷம் எட்டாயிரம் அடி நடந்து கண்டுபிடித்தேன்.

இன்னொன்று. மாமனாரை முதலில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போ. போன வாரம் நம் ஊரில் இலவசக் கண் முகாம் நடந்தது. துணைக்குத்தான் உன் அத்தையைக் கூட்டிப்போனேன், எனக்குக் கண்ணாடி மாற்ற. டாக்டர் அவளையும் உட்காரவைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது. அவள் விழுந்த கதையைச் சொன்னேன். "பெரியவரே, இவங்க ஏரிக்கரையில விழுந்தது கால் செஞ்ச தப்பு இல்ல. ரெண்டு வருஷமா எதிர்ல வர்ற ஆளே நிழலாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார். உன் அத்தை என் பக்கம் திரும்பாமல் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அப்படியானால் இத்தனை நாள் அந்த இழைக்கெல்லாம் முடிச்சுப் போட்டது யார் என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்க முன்னாடி அறுத்துக்கினே போனீங்க, அவங்க நடுவுல தடவிக்கினே போனாங்க. பின்னாடி நான் எதுக்கு தெனமும் சொம்பு எடுத்துக்கினு வந்தேன்னு நினைச்சீங்க?" என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா